பாராமல் போக ஒரு வழி

செப்டம்பர் 4, புதன்

வீடு கிடைத்துவிட்டது. பலீஸியே குடியிருப்பு, சி கட்டடம், நாலாம் மாடி. பலீஸியே என்பது இங்கே வேலியோரம் சிவப்பாகப் பூக்கும் ஒரு செடி, நம் கல்வாழை மாதிரி. குடியிருப்பில் அந்தச் செடி ஒன்றுகூட இல்லை. லிஃப்ட் இருக்கிறது. அதன் கதவில் யாரோ மாதா படம் ஒட்டி, கீழே பிளாஸ்டிக் பூ வைத்திருக்கிறார்கள். ஓடி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஒவ்வொரு மாடியிலும் படி திரும்புகிற இடத்தில், கட்டடம் வரைகிற நாங்கள் லேண்டிங் என்று சொல்லும் அந்த நடையில், ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி, ஸ்டூல், ஐஸ் பெட்டி, ஒரு தையல் மிஷின். எல்லோருக்கும் 'போன்ஜூர்' சொல்லிக்கொண்டேதான் ஏற முடிந்தது. ஒருவருக்கு விட்டுப்போயிற்று போல. அவர் பின்னாலிருந்து உரக்கச் சொன்னார். நான் திரும்பிப் பதில் சொல்லும்வரை விடவில்லை.

முதல் நாள் என்பதால் ஒழுங்காக எழுதிவைக்கிறேன். குவாதலூப் தீவு, புவாந்தாபித்ர் நகரம். அறுபதுகளில் எழுந்த இந்தக் கட்டடங்களை இடித்துவிட்டு இதே இடத்தில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். கட்டட வரைபடம் போட்டவர் எங்கள் கம்பெனியின் பாரிஸ் தலைமை அலுவலகத்தில் இருக்கும் முசியே பெனார். நவம்பர் கடைசியில் குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். கட்டடம் எப்படியும் இடிபடும். ஆட்களை நகருக்கு வெளியே ஆளுக்கொரு திசையாக அனுப்பிவிடுவார்கள். படத்தை விளக்கி, சில்லறைத் திருத்தங்கள் செய்து, ஓட்டு வாங்கித் தருவது என் வேலை. பிரெஞ்சு தெரிந்தவள், காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டுப் பெண், பிள்ளைகுட்டி இல்லாதவள். புதுச்சேரி கிளையில் வேறு ஆள் யார் கிளம்புவார்கள்? படம் போடுகிற கம்பெனி ஆள் எங்களோடு வந்து இருக்க வேண்டும் என்று இங்கிருக்கும் குடியிருப்போர் சங்கம் நிபந்தனை போட்டதால் ஹோட்டல் கிடையாது.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது. பல வருஷத்தில் முதல் முறையாக ஒரு முழு வீடு எனக்கே எனக்கு.

செப்டம்பர் 5, வியாழன்

அந்தி நேரத்தில் பக்கத்து வீட்டில் பறை மாதிரி ஏதோ அடிக்கிறார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

வீடு வீடாகப் போய்ப் பேசலாம் என்று இறங்கினேன். வீடுகளில் யாரும் இல்லை. கதவுகளெல்லாம் திறந்து கிடக்கின்றன, உள்ளே டிவி ஓடுகிறது, ஆள்தான் இல்லை. எல்லோரும் வெளியே நடையில். ஒன்றாம் மாடியில் ஒரு பெண்ணுக்கு மூன்று பேர் சேர்ந்து தலை பின்னுகிறார்கள். இரண்டாம் மாடியில் டோமினோ, கட்டையை மேஜையில் அறைகிற சத்தம் தெருவரை கேட்கிறது. மூன்றாம் மாடியில் ஒருவர் மோட்டார் சைக்கிளின் உள்பாகங்களைச் செய்தித்தாளில் பரப்பி வைத்திருந்தார். வண்டியை அங்கேவரை எப்படி ஏற்றினார் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டில் எந்த அறையை அதிகம் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால், உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காட்டுகிறார்கள். அது அறை இல்லை என்றேன். சிரிக்கிறார்கள்.

சங்கத் தலைவி மதாம் சொலாஞ்ஜ் வேலாயுதோன். அறுபதைத் தாண்டியவர், பள்ளிக்கூட உணவகத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கொள்ளுப்பாட்டன் நம் பக்கத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவராம். தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்கு அந்தப் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியவில்லை என்று அவர்தான் என்னைத் திருத்தினார்.

இவர்கள் பேசுவது பிரெஞ்சும் இந்தத் தீவின் கிரியோல் மொழியும் கலந்தது. என் காதுக்குள் அது காரைக்கால் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

"படத்தப் பாத்துட்டோம் புள்ளே," என்றார் சொலாஞ்ஜ். "நீ நல்ல பொண்ணுதான். ஆனா நாங்க வேணாம்னுதான் ஓட்டுப் போடுவோம்."

செப்டம்பர் 12, வியாழன்

பறை பொறுக்க முடியவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். தட்ட அவசியம் இல்லை, அதுவும் திறந்துதான் இருந்தது. பெயர் ரோசான். துறைமுகத்தில் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டும் படகை ஓட்டுகிறாராம். ஐம்பது வயதிருக்கும் மனிதர். அது பறை இல்லை. பீப்பாயில் ஆட்டுத்தோல் போர்த்திய மத்தளம், 'கா' என்று பெயர். வேலை செய்ய முடியவில்லை என்றேன். எந்த நேரத்தில் வேலை செய்வீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். சரி, சாப்பாட்டு நேரத்துக்குள் நிறுத்திவிடுகிறேன் என்றார். சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

செப்டம்பர் 13, வெள்ளி

சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்திவிட்டார். நல்லது.

செப்டம்பர் 22, ஞாயிறு

சொலாஞ்ஜ் என்னைச் சாப்பிட அழைத்தார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்துவிட்டதால் நானும் வர வேண்டியதாயிற்று. ஆட்டுக்கறி, மஞ்சள் நிறத்தில் திக்கான சாறு, சோறு. பெயர் 'கொலொம்போ'. இலங்கை ஊர்ப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு. இது கொழும்பு இல்லை, குழம்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். நாலு தலைமுறையில் பேச்சு முழுவதும் போய், சட்டியில் இருந்தது மட்டும் பெயரோடு தங்கிவிட்டது. சொலாஞ்ஜிடம் சொன்னேன். அவர் இரண்டு மூன்று முறை 'குழம்பு, குழம்பு' என்று சொல்லிப் பார்த்தார். ழகரம் என் அக்கா மகனைவிட நன்றாக வந்தது.

சந்தைக்கடை மாதிரி இது என்ன இடம், ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாம் தட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குக் கூச்சம். அவருக்கு அதுதான் வேண்டும் போலிருக்கிறது. தாண்டிப் போன ஒவ்வொருவரும் ஒரு வாய் வாங்கிக்கொண்டார்கள். ரோசானும்.

அக்கா போன் செய்தாள். தனியாக இருக்கிறாயே, பயமாக இல்லையா என்றாள். தனியாக எங்கே இருக்கிறேன் என்றேன். சலிப்பாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். "சந்தோஷமா இருக்கற மாதிரி இருக்கே," என்றாள்.

அக்டோபர் 1, செவ்வாய்

சில நாளாகப் பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. வேலை நன்றாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

அக்டோபர் 3, வியாழன்

ரோசான் பக்கத்துத் தீவில் தன் அண்ணன் வீட்டுக் கூரை வேய்ந்து கொடுக்கப் போயிருந்தாராம். நான் கேட்கவில்லை, சொலாஞ்ஜ் தானாகச் சொன்னார். "நீ கேக்கலங்கறதாலதான் சொல்றேன்," என்றும் சொன்னார். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லை.

இன்று மாலை வாசிப்பு இருந்தது. காற்று வரட்டும் என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

நேற்றுப் புயல். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

காலையிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. புயல் எனக்குப் புதிதா என்ன? காரைக்காலில் பிறந்தவள். வாளி, குடம், குளியல் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தேன். ஜன்னல் பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டினேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தேன். மதியத்துக்கு முன்பே மின்சாரம் போயிற்று. இருட்டு, புழுக்கம், ஜன்னல் பலகை அடித்துக்கொள்கிற சத்தம். அடுத்த அறையில் யாரோ இருக்கிற மாதிரியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

நாலாம் மாடி நடையில் பத்துப் பதினைந்து பேர். அந்த நடையின் கிழக்குச் சுவர் முழுதும் துளைத்துளையாக வார்த்த சிமெண்டுக் கல். காற்று அதில் மோதி, உடைந்து, பல நூறு இழையாகி உள்ளே வருகிறது. வெளியே தென்னை முறிகிறது, உள்ளே மெழுகுவர்த்தி அணையவில்லை. மழைச் சாரல் சுவரோரமாக நின்றுவிடுகிறது, நடுவில் ஈரமே இல்லை. முதல் நாள் வந்தபோதே அந்தச் சுவரைப் பார்த்தேன், 'பழைய பாணி' என்று குறித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன்.

மின்சாரம் போனால் குளிர்ப்பெட்டியில் இருப்பது கெட்டுவிடும் என்று ஆளாளுக்கு எடுத்து வந்திருந்தார்கள். மீன், கோழி, யார் வீட்டிலோ பிறந்தநாளுக்கு வைத்திருந்த ஐஸ்கிரீம். மூன்று சிறிய காஸ் அடுப்புகள். நானும் என் பங்குக்கு ஒரு டப்பா இட்லி மாவைக் கொண்டு போனேன். இட்லித் தட்டு இல்லாததால் தோசையாக வார்த்தேன். வரிசையில் நின்று வாங்கினார்கள். ஐஸ்கிரீமோடு சாப்பிட்டார்கள். அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

ரோசான் மட்டும் இல்லை. படகுகளைக் கட்டத் துறைமுகத்துக்குப் போனவர் திரும்பவில்லை. யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் எல்லோரும் படிக்கட்டின் கீழ்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்றால் நானும்தான், அங்கே இருந்தேனே.

பொழுது சாயும் முன் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, ஒரு செருப்பைக் காணோம். வழக்கம்போல ஒவ்வொரு மாடியிலும் நின்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஏறி வந்தார், எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. துவாலை கொடுத்தேன். அது என் கையில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, சனி

பாரிஸுக்குப் போன் பேசினேன். அங்கீகரித்த படத்தில் நடுவே மூடிய தாழ்வாரம், இரண்டு பக்கமும் வீடுகள், ஏ.சி., பகலிலும் விளக்கு, கீழே அட்டை காட்டினால் திறக்கும் கதவு. அந்தப் புயல் நாளில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடம் அதில் இல்லவே இல்லை. இதைச் சொன்னேன்.

முசியே பெனார் கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனிதர். "லேண்டிங் வீடு இல்லையே குமுதா," என்றார். "அதுக்கு யாரு வாடகை தருவாங்க?"

இருபது வருஷமாக நானும் இப்படித்தான் படம் போட்டிருக்கிறேன். ஆளுக்கொரு கதவு, அவரவர் கதவுக்குப் பின்னால் அவரவர். அதுதான் எல்லோருக்கும் வேண்டியது என்று நினைத்தேன். எனக்கு வேண்டியதாக இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

கார் நிறுத்துமிடத்தைக் காலி செய்யச் சொல்லி, பெனாரின் படத்தில் ஒரு முழு மாடியைத் தரையில் நிஜ அளவில் சுண்ணாம்பால் வரைந்தேன். சுவர், கதவு, தாழ்வாரம், குளியலறை, எல்லாம். வாருங்கள், இன்று ஒரு பொழுது இதில் குடியிருந்து பாருங்கள் என்றேன். படம் காகிதத்தில் இருக்கும்போது யாருக்கும் புரிவதில்லை. எனக்கும்தான்.

வந்தார்கள். நாற்காலி, மேஜை, சட்டி, ஒரு குழந்தைத் தொட்டில். சொலாஞ்ஜ் தன் புது வீட்டு பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நேராகப் பார்த்தார். "இங்கேருந்து எனக்கு ஒரு மனுசர் மூஞ்சியும் தெரியலியே," என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். தாழ்வாரம் குறுகல். டோமினோ மேஜையைப் போட்டதும் யாரும் கடக்க முடியவில்லை. தொட்டிலைச் சமையலறைக்குள் தள்ளினார்கள். பகல் சாப்பாட்டுக்குள் தாழ்வாரத்தில் ஒரு சண்டை, ஒரு சமாதானம், ஒரு கேக்.

எல்லோரும் சுண்ணாம்புச் சுவர்களை மிதித்துக் குறுக்கே நடந்தார்கள். ரோசான் மட்டும் நடக்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, கதவு வரைந்திருக்கிற இடத்தில் நின்று, அந்த வழியாக மட்டும்தான் உள்ளே போனார், வெளியே வந்தார். எனக்கென்று நான் எழுதிவைத்திருந்த வீட்டின் முன்னால் வந்து நின்று, காற்றில் விரலால் இரண்டு முறை தட்டினார்.

"வரலாமா மதாம்?"

"வாங்க," என்றேன்.

உள்ளே வந்து, இல்லாத சுவரில் சாய்ந்து நின்று, நல்ல வீடு, ஆனால் அமைதி கொஞ்சம் அதிகம் என்றார். தொழில்முறையில் பயனுள்ள கருத்து, அதனால் எழுதிவைக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஐந்தாம் மாடி மர்லேன், பொது மருத்துவமனையில் நர்ஸ், முப்பது வயது. சாயந்திரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இவர்கள் எல்லோரும் நடை வேண்டும் நடை வேண்டும் என்கிறார்கள், என்னை யாரும் கேட்கவில்லை என்றாள். "இருபத்தி நாலு மணி நேரம் டூட்டி பாத்துட்டு வர்றேன். அஞ்சு மாடிக்கும் வணக்கம் சொல்லணும். ஏன் மொகம் வாடியிருக்கு, யாரு செத்தா, எப்ப கல்யாணம்னு பதில் சொல்லணும். ஒரு நாளாச்சும் யாரும் என்னப் பாக்காம வீட்டுக்குப் போகணும் மதாம். அது தப்பா?"

தப்பில்லை என்றேன். அவளுக்கு ஆச்சரியம். சங்கத்தார் எல்லோரும் தப்பு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நவம்பர் 1, வெள்ளி

கல்லறைத் திருநாள், இங்கே நமக்கு ஒரு நாள் முந்தி. சொலாஞ்ஜ் என்னைக் கூட்டிப் போனார். போன வாரமே போய்த் தன் வீட்டுக்காரர் கல்லறைக்கு வெள்ளையடித்துவிட்டு வந்திருந்தார்.

இங்கே கல்லறைகள் சின்னச் சின்ன வீடுகள் மாதிரி. கறுப்பு வெள்ளை ஓடு பதித்து, சில மாடிகூட வைத்து. குன்றின் சரிவில் தெருத்தெருவாக அடுக்கியிருக்கிறார்கள். பொழுது இறங்கியதும் ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். குன்று முழுக்கத் தீபம். நேற்றுத்தான் ஊரில் தீபாவளி, அக்கா போனில் வெடிச் சத்தம் கேட்க வைத்தாள். இங்கே வெடி இல்லை. ஆனால் அழுகையும் இல்லை. கல்லறைமேல் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள், வேர்க்கடலை விற்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை சந்திக்கிற உறவுக்காரர்கள் குறுகலான பாதைகளில் நின்று கட்டிக்கொள்கிறார்கள். படி, பாதை, உட்காரத் திண்டு, ஒதுங்க ஒரு மூலை, எல்லாம் மனித அளவில். இந்த நகரத்தில் நான் பார்த்த மிக நல்ல பொது இடம் இதுதான். யாரும் அங்கே கூட்டம் சேர்க்கப் படம் போடவில்லை, வந்து போகிறவர்களின் வழக்கமே போட்டுக்கொண்டது.

நான் கவனித்தது இன்னொன்று. மேலே போக இரண்டு பாதைகள். நடுவே அகலமான படிகள், அதில் போனால் எல்லோரையும் பார்த்து நின்று பேசித்தான் போக முடியும். ஓரமாக மதிலை ஒட்டி ஒற்றையடிப் பாதை. துக்கம் புதிதாக உள்ளவர்கள் அதில் போகிறார்கள். அவர்களை யாரும் நிறுத்துவதில்லை.

நவம்பர் 6, புதன்

படம் முடிந்தது. நானே போட்டது. நாலு நாள் கதவைச் சாத்தவும் மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

வீடுகள் ஒரே வரிசை. கிழக்கே, ஓயாமல் காற்று வருகிற பக்கம், நீளமாக அகலமாகத் திறந்த நடை. படிக்கட்டு அதைத் தொடும் இடத்தில் நடை விரிந்து ஒரு கூடம் அளவுக்கு ஆகிறது. அங்கே ஒரு குழாய், அடுப்பு வைக்க மேடை, துளைக்கல் சுவர். இதில் போனால் எல்லோரையும் பார்த்துத்தான் போக வேண்டும். மேற்கே, சமையலறைப் பக்கம், லிஃப்டும் ஒரு ஒல்லியான படிக்கட்டும். அதில் போனால் யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல்.

அந்த மேற்கு வாசல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். காரைக்கால் வீட்டில் கொல்லை வழி உண்டு. விருந்தாளிகள் வந்தால் நான் அந்த வழியாகப் போய்விடுவேன். 'குமுதாவுக்கு இன்னும் ஒண்ணும் அமையலியா' என்று கேட்பார்கள், அக்கா பதில் சொல்லிக்கொள்வாள். பிறகு பழக்கமாகிவிட்டது, விருந்தாளி இல்லாத நாளிலும் அந்த வழிதான். அது வசதி. வேறொன்றும் இல்லை.

மர்லேனிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். சொலாஞ்ஜிடமும் காட்டினேன். மேற்கு வாசலைக் கண்டதும் முகம் மாறியது. இந்த வழி இருந்தால் எல்லோரும் இதிலேயே போவார்கள், நடை செத்துப்போகும் என்றார். "போக மாட்டாங்க," என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 14, வியாழன்

மழை. ரோசான் மீன் கொடுத்தார். மீன் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். பதிலுக்குப் பதில், அவ்வளவுதான்.

நவம்பர் 21, வியாழன்

முசியே பெனார் நேற்று வந்து ஹோட்டலில் தங்கியிருக்கிறார். என் படத்தைக் காட்டினேன். அவருக்குக் கோபம் வரும் என்று தெரியும். எவ்வளவு என்று தெரிந்திருக்கவில்லை. அங்கீகாரம் வாங்கிய படத்தை ஓட்டுக்கு இரண்டு நாள் முன்பு மாற்றினால் பணம் தருகிறவர்கள் விலகிக்கொள்வார்கள், இந்த மக்கள்தான் தெருவில் நிற்பார்கள் என்றார். அதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

சனிக்கிழமை அவருடைய படத்தை நான் விளக்கினால் போதும் என்றார்.

"முடியாது முசியே," என்றேன். "அது நல்லதுன்னு நானே நம்பல. நம்பாதத நான் இவங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது. தெனமும் பாக்கற மூஞ்சிங்க."

அப்படியானால் ஊருக்குப் போகிற டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். சரி என்று வந்துவிட்டேன். இரண்டாம் மாடியில் டோமினோ ஆடுகிறவர் என் முகத்தைப் பார்த்து, ஆட்டத்தை நிறுத்தி, தன் நாற்காலியைக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஏறினேன்.

நவம்பர் 22, வெள்ளி

காலையில் பெனார் தானாக வந்தார். லிஃப்டைப் பார்த்துவிட்டுப் படியேறினார் போலிருக்கிறது. கீழிருந்து மேலே வர வெகுநேரம் ஆயிற்று. பாவம், ஒவ்வொரு மாடியாக அவருடைய 'போன்ஜூர்' கேட்டது. முதலில் விறைப்பாக, நாலாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு.

கையில் என் படம். இரவு கணக்குப் போட்டாராம். ஏ.சி. இல்லை, பகல் விளக்கு இல்லை, காற்றை இழுக்கும் இயந்திரம் இல்லை. நடையின் அகலத்துக்கு ஆகும் செலவு அதிலேயே தேறிவிடுகிறது. வீடுகளின் எண்ணிக்கை குறையவில்லை. பணம் தருகிறவர்களுக்கும் போன் பேசிவிட்டார். குடியிருப்பவர்கள் ஒப்புக்கொண்டால் அவர்களுக்குத் தடை இல்லையாம்.

"அழகா இல்ல," என்றார். "ஆனா சரியா இருக்கு. ரெண்டையும் காட்டுவோம்."

நடையிலேயே உட்கார்ந்து சொலாஞ்ஜ் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். எதிர்க் காற்றில் அவருடைய டை பறந்து பறந்து முகத்தில் அடித்தது. கடைசியில் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 23, சனி

பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். முழுக் குடியிருப்பும் வந்திருந்தது. பெனார் தன் படத்தை அவரே விளக்கினார், நேர்மையாக, குறை நிறை இரண்டையும் சொல்லி. கை தூக்கச் சொன்னார்கள். சில கைகள்தான்.

பிறகு நான். கிழக்கு வழியைச் சொன்னபோது தலையாட்டினார்கள். மேற்கு வழியைச் சொன்னதும் சலசலப்பு. திருட்டு வாசல் என்றார் ஒருவர். அக்கம்பக்கத்தாரைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் ஹோட்டலில் போய் இருக்கட்டும் என்றார் இன்னொருவர். கை தட்டினார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போகிற காட்சி கண்முன் வந்துவிட்டது.

மர்லேன் எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லையாம்.

"நான் இந்தக் கட்டடத்த விட்டுப் போயிடலாம்னு வேற வீடு பாத்துக்கிட்டிருக்கேன்," என்றாள். "உங்கள்ல பாதிப் பேரோட பிள்ளைங்க ஏற்கெனவே போயாச்சு. ஏன் போனாங்கன்னு கேட்டீங்களா? அந்த வாசல் இருந்தா நான் இருப்பேன். பாதி நாள் நடை வழியாத்தான் வருவேன். எந்த நாள் எந்த வழின்னு நான் முடிவு பண்ணணும், அவ்வளவுதான்."

கடல் தாண்டிப் போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் பல பேர் அங்கே.

சொலாஞ்ஜ் கடைசி வரிசையில் எழுந்து நின்றார். அவர் மகன் பாரிஸில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு போன். குழாயைத் தப்பான பக்கத்தில் வைத்திருக்கிறாய், அங்கே வைத்தால் மீன் கழுவிய தண்ணீர் என் வாசலுக்கு வரும் என்றார். மாற்றுகிறேன் என்றேன். இப்போதே மாற்று என்றார். பேனாவை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் படத்தில் அடித்துவிட்டு எதிர்ப்பக்கம் வரைந்தேன். பார்த்தார். கையைத் தூக்கினார்.

அதற்குப் பிறகு எண்ணவே தேவையிருக்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

தூங்கினேன். துணி துவைத்தேன். பெனார் விமானம் ஏறும் முன் கேட்டார், கட்டி முடிய இரண்டு வருஷம் ஆகும், கூடவே இருந்து பார்த்துக்கொள்ள முடியுமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 29, வெள்ளி

சாயந்திரம் நடையில் பச்சைத் துவரை உரித்துக்கொண்டிருந்தோம். கிறிஸ்துமஸுக்கு இங்கே துவரைச் சோறு இல்லாமல் முடியாதாம். சொலாஞ்ஜ் எழுந்து உள்ளே போனார், வேண்டுமென்றேதான். ரோசான் உரித்த தோலைக் குவித்துக்கொண்டே, பண்டிகைக்கு ஊருக்குப் போவீர்களா என்று கேட்டார். பொங்கலுக்குப் போவேன் என்றேன்.

"திரும்பி வருவீங்களா?"

"கட்டடம் முடிய ரெண்டு வருஷம் ஆகும்," என்றேன்.

"நான் கட்டடத்தக் கேக்கல," என்றார்.

துவரை நிறைய இருந்தது. எல்லாவற்றையும் உரித்து முடித்தோம்.

டிசம்பர் 1, ஞாயிறு

அக்காவுக்கு நானே போன் செய்தேன். பொங்கலுக்கு வருகிறேன், பிறகு இரண்டு வருஷம் இங்கேதான் வேலை என்றேன். அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. தனியாக வரவில்லை அக்கா, ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். மறுமுனையில் அத்தானிடம் டிவியை நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"அவரு காரம் சாப்புடுவாரா?" என்றாள்.